சிலிண்டர் நெறைஞ்சிருக்கு

வலியசாலையில் விஜயத்தின் வீட்டில் எந்தச் சாமானும் தீர்ந்துபோனதாகச் சொல்லும் வழக்கமே கிடையாது. அரிசி டின்னின் அடி தெரிந்தால் "அரிசி நெறைஞ்சிருக்கு" என்பாள். தூக்கைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாத நாளில் "எண்ணெய் நெறைஞ்சிருக்கு" என்பாள். 'இல்லை' என்ற சொல்லை உள்ளே விட்டால் அது வீட்டிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிடும் என்பது அந்தத் தெருப் பெண்களின் நம்பிக்கை.

ஆரியசாலை மளிகைக்கடை வேல்சாமிக்கு இது முதலில் புரியவில்லை. கல்யாணமாகி அவள் ஊருக்கு வந்த புதிது. அவரும் அப்போதுதான் கடையில் உட்கார ஆரம்பித்திருந்தார். அவள் நிறைந்திருப்பதாகச் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு, கடுகையும் பெருங்காயத்தையும் மட்டும் சமர்த்தாகக் கட்டி அனுப்பினார். மறுநாள் விஷயம் தெரிந்து, பருப்பும் புளியுமாகத் தானே தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினார். "நெறைஞ்ச வீட்டுக்கு இம்புட்டுச் சாமானா மாமி?" என்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டதும், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் இன்றும் அவளுக்கு நினைவிருக்கிறது.

அந்த நாட்களை நினைத்தால் கொத்தமல்லியும் சாக்கும் கலந்த கடை வாசனைதான் முதலில் வரும். உத்தரத்தில் தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து, பொட்டலத்தை நாலு சுற்றுச் சுற்றி, பட்டென்று அறுப்பார். விளக்குத் திரி கேட்டால், "சாமிக்கு" என்று ஒரு துண்டு கல்கண்டும் சேர்ந்து வரும். முழங்கால் வலி வந்தபின் அவள் கடைக்குப் போவதில்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அவரே போன் செய்வார்.

இரண்டு வருஷமாக வீட்டில் இன்னொரு சாமானும் தீர்ந்துகொண்டிருந்தது. கணவர் வெங்கடகிருஷ்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடுதான் மூச்சு. ஆளுயர ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இரண்டு நாள் வரும். ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும். கம்பெனியிலிருந்து போன் செய்து கேட்டு, காலியானதை மாற்றிக் கொடுப்பார்கள்.

இதுவரை கேட்டுவந்தவருக்கு விஜயத்தின் பேச்சு பழகியிருந்தது. வியாழக்கிழமை காலை கேட்டது, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஷிஜா என்ற மலையாளப் பெண். "ஆன்ட்டி, சிலிண்டர் எந்தாயி, எத்தனை இருக்கு?"

அப்போதுதான் ஒன்று காலியாகி, விஜயம் மற்றதை மாட்டியிருந்தாள். அவர் பக்கத்திலேயே கண்மூடிப் படுத்திருந்தார். அவருடைய மூச்சு சம்பந்தப்பட்ட ஒன்றைத் தீர்ந்துபோச்சு என்று எப்படிச் சொல்வது? "ஒண்ணு ஓடறது. ஒண்ணு நெறைஞ்சிருக்கு" என்றாள்.

"ஓகே ஆன்ட்டி" என்று ஷிஜா வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வண்டி வரவில்லை. நாளைக்கு வரும் என்று இருந்தாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மீட்டரின் முள் சிவப்பைத் தொட்டது. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. கம்பெனிக்கு ஏழு தடவை அடித்தாள். ஏழு தடவையும் லைன் பிஸி.

"என்னடி, மீட்டரையே பார்த்துண்டு நிக்கறே? மூச்சுக்கும் ரேஷன் போட்டுட்டாளா?" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"பேசாம இருங்கோன்னா" என்றாள். சுவாமி படத்தைப் பார்த்தபடியே எட்டாவது தடவை அடிக்கப் போனபோது கையிலேயே போன் மணி அடித்தது.

"மாமி, வேல்சாமியாக்கும். ஒண்ணாந் தேதியில்லா? என்னெல்லாம் நெறைஞ்சிருக்கு?"

அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதும்தான், வியாழக்கிழமை தான் சொன்னது என்ன, அந்தப் பெண் புரிந்துகொண்டது என்ன என்பது அவளுக்கு உறைத்தது.

"மாமாவோட சிலிண்டர் நெறைஞ்சிருக்கு, வேல்சாமி."

"மூச்சுக் காத்து சிலிண்டரா? எம்புட்டு இருக்கு?"

"முள்ளு செவப்புல நிக்கறது."

"கம்பெனி குடோன் கிள்ளிப்பாலத்திலதானே? போனை வையுங்க மாமி. இந்தா வந்துட்டேன்."

விஜயம் கணவரின் காலடியில் உட்கார்ந்து தெரிந்த நாமங்களையெல்லாம் சொன்னாள். அரைமணி நேரத்தில் வாசலில் பெட்டி ஆட்டோ நின்றது. இரண்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவே, உருளாமல் கயிறு கட்டி, சிலிண்டர். அறுபத்தைந்து வயது வேல்சாமியும் டிரைவரும் அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் உள்ளே கொண்டுவந்தார்கள். விஜயமே ஸ்பேனரை வாங்கி முடுக்கினாள். உஸ்ஸென்று காற்று வந்தது. முள் எழுந்து பச்சைக்குப் போனது.

அதற்குள் ஷிஜாவின் போன். குடோனில் வேல்சாமி போட்ட சத்தம் அவளுக்கு எட்டியிருந்தது. அழுதுவிடுவாள் போலிருந்தது. "ஆன்ட்டி, நிறைஞ்சிருக்குன்னுதானே பறஞ்சது? ஞான் ஃபுல்லுன்னு எழுதிட்டேன். இனி தீர்ந்துன்னு ஒரு வார்த்தை பறஞ்சா மதி, அது போதும் ஆன்ட்டி. ஒரே ஒரு வார்த்தை."

குழந்தை கேட்பது நியாயம்தான். விஜயம் வாயைத் திறந்தாள். குழாயோடு படுத்திருந்தவரைப் பார்த்தாள். சொல் வரவில்லை.

வேல்சாமி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். "மோளே, கரையண்டா, அழாதே. தப்பு யார்மேலயும் இல்லை. இனி இங்க விளிக்க வேண்டாம், என் நம்பரை எழுதிக்கோ. மாமி அவங்க பாஷையில எங்கிட்ட சொல்லுவாங்க. தீர்ந்துன்னு உங்கிட்ட நான் சொல்லுதேன். என் கடையில தினம் நூறு சாமான் தீருது. எனக்கு அந்தச் சொல்லு பழக்கமாக்கும்."

விஜயம் அடுக்களைக்குப் போய் வெகுநேரம் காபி கலந்தாள். டம்ளரை அவரிடம் நீட்டியபோது, "உங்க நட்சத்திரம் என்ன, வேல்சாமி?" என்றாள்.

"அதெல்லாம் யாரு கண்டா மாமி? ஒரு மழை நாள்ல பொறந்தேன்னு எங்கம்மை சொல்லுவா."

கட்டிலிலிருந்து வெங்கடகிருஷ்ணன் சொன்னார்: "என்னோடதை எடுத்துக்கச் சொல்லு. அனுஷம். நல்ல நட்சத்திரம்தான், நுரையீரல்தான் கொஞ்சம் சுமார்."

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஸ்மிதா வேலையிலிருந்து வந்ததும் அவளை அவரருகே உட்காரவைத்துவிட்டு, விஜயம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். அர்ச்சனைக்கு இரண்டு பெயர் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் அனுஷமா?" என்றார் அர்ச்சகர்.

"ஆமாம், ரெண்டு பேருக்கும்" என்றாள் விஜயம்.