கைக்குட்டைக்கு இஸ்திரி

அந்தக் கட்டடத்துக்கு மூலை கிடையாது. எந்தக் காலத்திலோ குதிரைகள் கட்டுவதற்காக வட்டமாகக் கட்டியது. குதிரைகள் போய் மனிதர்கள் வந்தார்கள். மற்றபடி பெரிய மாற்றமில்லை. இருபத்தொரு அறைகள், இருபத்தொரு கதவுகள். ஒவ்வொரு கதவும் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு துண்டு. மேல் பாதியைத் திறந்து தலையை நீட்டித்தான் இன்றும் அங்கே வம்பு பேசுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குதிரைகளே தேவலை என்று தோன்றும்.

சுற்றியுள்ள தெருவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆலை மூடியதும் பஸ் வருவதை நிறுத்தியது. தெருவிளக்கு தானாகவே நின்றது. இப்படி எல்லோரும் மறந்த தெருவை நகரசபை திடீரென்று நினைவுகூர்ந்தது. கட்டடத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்தப் போகிறார்களாம். குதிரை நின்ற இடத்தில் கார் நிற்கப்போகிறது. நடுவில் மனிதர்கள் நின்றதுதான் தவறு.

கதவுக்கு ஒரு வீடு என்று ஊருக்கு வெளியே இருபத்தொரு வீடுகள் தயாராக இருந்தன. ஒரு வீடு குறைந்தாலும் இடிக்க முடியாது, அது சட்டம். அதிகாரி ஒருவர் வந்து கதவுகளை எண்ணி, கணக்குச் சரி என்று எழுதிவிட்டால் திங்கட்கிழமை எல்லோரும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

இஸ்திரியக்காவுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. பக்கத்துத் தெரு விடுதியில் தங்குபவர்களின் சட்டைகள்தான் அவள் பிழைப்பு. அந்தப் பொட்டல்காட்டில் யார் சட்டைக்குப் பெட்டி போடுவது? காற்றுக்கா?

"வாயைத் திறந்து நாலு வார்த்தை கேளுங்க அண்ணி," என்றாள் அடுத்த அறை நாத்தனார். "பெட்டி மட்டும் சுட்டாப் போதுமா? பேச்சும் கொஞ்சம் சுடணும்."

"எனக்கு ஆபீசருங்களைப் பாத்தா நாக்கு ஒட்டிக்குதே."

பேசுவதற்குத் தலைவர் இருந்தார். டீக்கடைக்காரர். அவரை யாரும் தலைவராக்கவில்லை. ஒருநாள் காலையில் அவராகவே ஆகியிருந்தார். அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார்.

"அந்தாளு வர்ற அன்னிக்கு எல்லாரும் கதவைச் சாத்திட்டு உள்ள இருங்க. மூச்சு விடக்கூடாது."

"மூச்சு விடலைன்னா எண்ண மாட்டாங்களா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"ஆளைப் பாத்தாத்தானே எண்ணுவான்?"

"அவரு எண்ண வர்றது கதவைத்தானே அண்ணே," என்றாள் நாத்தனார்.

"குறுக்க பேசாதம்மா. திட்டம்னா திட்டம்."

அதிகாரி வந்தபோது இருபத்தொரு கதவுகளும் அடைத்துக் கிடந்தன. எல்லாம் ஒரே பச்சை. ஒரே டப்பாவை எல்லோரும் பங்குபோட்டு அடித்த பெயிண்ட். எண்ணும் கிடையாது, கோலமும் கிடையாது. அவர் கெட்டிக்காரர். வட்டத்தில் தொடக்கம் தெரியவேண்டுமே என்று முதல் கதவின் தாழ்ப்பாளில் தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டு நடந்தார். ஒவ்வொரு கதவுக்கும் படிவத்தில் ஒரு வரி. தலையை நிமிர்த்தவில்லை.

அது இஸ்திரியக்காவின் கதவு.

கதவு சாத்தியிருந்தால் துணியைத் தாழ்ப்பாளில் கட்டிவிட்டுப் போவது அவள் வாடிக்கைக்காரர்களின் பழக்கம். காலடி ஓய்ந்ததும் அவள் மேல் பாதியைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தாள். கசங்கிய கைக்குட்டை. அவிழ்த்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். இடிக்கப்போகிற சமயத்திலும் ஒரு வேலை வந்ததே என்று கண் கலங்கியது. கரி போட்டு ஊதினாள். ஈரக் கரி, சீக்கிரம் பிடிக்கவில்லை.

வெளியே குரல் கேட்டது: "இருபத்திரெண்டு." காலடி போய்விட்டது.

ஊதிக்கொண்டே இருந்தாள். பெட்டி சூடேறியது. தண்ணீர் தெளித்து, ஓரம் இழுத்து, நாலாக மடித்துத் தேய்த்தாள்.

"நாப்பத்தி மூணு." இப்போது குரலில் மூச்சு வாங்கியது.

கணக்கு எப்படியோ போகட்டும், கைக்கு வந்த வேலை முதலில் என்று மடிப்பை அழுத்தினாள். பிறகு, சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிடலாம் என்று மேல் பாதியைத் திறந்தாள். எதிரே அதிகாரி, வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"இது உங்களுதா சார்?"

அவர் கைக்குட்டையைப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். அதில் அறுபத்து மூன்று வரிகள் இருந்தன.

"இதை யார் அவுக்கச் சொன்னது?"

"கட்டியிருந்துச்சு சார்... கட்டினா தேய்க்கிறது வழக்கம்..."

அவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். "மூணு காப்பி. கார்பன் வச்சு எழுதினது. அடிச்சுத் திருத்தினா மேலதிகாரி கையெழுத்து வேணும். கையெழுத்துக்குக் காரணம் எழுதணும். என்னன்னு எழுதறது? செக்குமாடு மாதிரி சுத்தினேன்னா?"

இஸ்திரியக்காவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எப்படியோ பிய்த்தெடுத்தாள்.

"கட்டடம் பெருசு சார். அப்படியே இருக்கட்டும்."

அவர் எழுந்து கைக்குட்டையை வாங்கிக்கொண்டார். அதை விரித்து முகம் துடைக்கப் போனார். மடிப்பைப் பார்த்து மனம் வராமல் பையில் வைத்துக்கொண்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

இன்னும் நாற்பத்திரண்டு வீடுகள் கட்டவேண்டும் என்று கோப்பு மேலே போனது. தயாராக இருந்த இருபத்தொன்றும் வீணாகக் கூடாதென்று அதிகாரிகளின் மைத்துனர்கள் பெருந்தன்மையோடு குடியேறினார்கள். தலைவர் தன் திட்டத்தைப் பற்றி இன்றும் டீ ஆற்றிக்கொண்டே பேசுகிறார்.

அடுத்த வருடம் வேறொரு அதிகாரி வந்தார். நாத்தனார் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணி, மோசம் போனோம்! இவன் கைக்குட்டை கட்டலை. உங்க கதவுல சாக்பீஸால கோடு போட்டுட்டுப் போறான்!"

இஸ்திரியக்கா பதறவில்லை. துணிக்குத் தெளிக்கிற தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.