நீர்மாலைத் தண்ணீர்

சாவு வீட்டு நீர்மாலைக்காக வாசல் குழாயில் பிடித்து வைத்திருந்த குடத்தைப் பானுமதி சாக்கடையில் கவிழ்த்தாள்.

"இந்தத் தண்ணி வேண்டாம். எங்க அப்பாவக் குளிப்பாட்ட கார்டன் குழாய்லதான் எடுக்கணும்."

சங்கை வாயில் வைத்தவர் ஊதாமல் நின்றார். அந்தக் குழாய்க்குப் பூட்டு விழுந்து மாதக்கணக்காகிறது என்பது ஆண்டாப் ஹில்லில் அந்தத் தெருவுக்கே தெரியும். போர் நினைவுக் கல்லைச் சுற்றித் தெருக்காரர்கள் சேர்ந்து போட்ட தோட்டம் அது. கல்லிலுள்ள பெயர்களில் ஒன்று செல்லத்துரை, அவள் அப்பா பிச்சையாவின் அண்ணன். தோட்டக் கமிட்டித் தலைவர் இசக்கிப்பாண்டி கல்லை மறைத்துத் தன் படம் போட்ட போர்டு வைத்தபோது, பிச்சையா ஒருவர்தான் கூடாது என்றார். மறுநாளே குழாயைப் பூட்டினார்கள். பிச்சையாவும் விடவில்லை. வீட்டுக்கு வருகிற கொஞ்சத் தண்ணீரில் பாதியைக் கேனில் பிடித்து, இருதய நோயோடு மேடேறிப் போய்ச் செடிகளுக்கு ஊற்றினார். நேற்றுக் காலை தோட்டத்து வாசலிலேயே கேனோடு விழுந்து செத்தார்.

இன்று அதே இசக்கிப்பாண்டி பந்தலில் முதல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் டீ சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணீர் அஞ்சலி பேனரில்கூட செத்தவரைவிட அவர் படம்தான் பெரிது. பானுமதிக்கு அழுகை வரவில்லை.

சாவியோடு ஆள் அனுப்புகிறேன் என்றார் அவர்.

"ஆள் வேண்டாம் அண்ணாச்சி. பூட்டுனது நீங்க. நீங்களே வந்து தொறங்க."

தெருவே அவரைப் பார்த்தது. வார்டு தேர்தலில் நிற்கப் போகிறவர். எழுந்தார்.

மகன் இல்லாத வீடு, குடத்தை மகளே தூக்கினாள். தலைக்கு மேல் நாலு பேர் வேட்டி விரித்துப் பிடித்து வந்தார்கள். அப்பாவின் கேனையும் எடுத்துவரச் சொல்லியிருந்தாள். துருவேறிய பூட்டோடு இசக்கிப்பாண்டி குனிந்து மல்லுக்கட்டினார். யாரும் உதவிக்குப் போகவில்லை.

குடம் நிறைந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தில் சேரப் பார்த்தார் இசக்கிப்பாண்டி. பானுமதி கேனை அவர் காலடியில் வைத்தாள்.

"நீங்க வீட்டுக்கு வர வேண்டாம். அப்பா நேத்து ஊத்தாம விட்ட செடியெல்லாம் காயுது. இதுல பிடிச்சு ஊத்திட்டுப் போங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். குனிந்து கேனை எடுத்தார்.

சங்கு முழங்கியது. முக்குத் திரும்பும்போது அவள் ஒருமுறை பார்த்தாள். அவர் கேனைத் தூக்கிக்கொண்டு கல்லடிச் செடிகளுக்கு நடந்துகொண்டிருந்தார். முழங்கால்வரை வேட்டி நனைந்திருந்தது. நேற்று விழுந்ததில் அந்தக் கேனின் அடி பிளந்திருந்தது.

அதை அவள் சொல்லவில்லை. குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள்.