ஒரு நாளைக்கு ஆறு கரண்டி

காலையில் நோகாமல் வயிறு கழிவதற்கு விலை அறுபத்தைந்து. மருந்துக்கடைக்காரர் அதைச் சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் அடைத்து, கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அவரும் எடுப்பது தெரியாமல் எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். ஊரையே விலை பேசுகிற முதலாளிக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் அதில் ஒரே விலைதான்.

எதிர்வரிசை மளிகைக் கடையின் இளைய பிள்ளை அந்தக் குப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைத்தெரு அவனைச் சின்னவர் என்றுதான் கூப்பிடும். அந்த மரியாதை அவன் அப்பாவின் கடைக்கு. நமக்கு அவன் கடையில் கடன் பாக்கி எதுவும் இல்லாததால் சின்னவன் என்றே வைத்துக்கொள்வோம்.

"அறுபது போட்டுக்குங்கண்ணே."

"எத்தனை நாளாச்சு தம்பி?"

"நாலு."

"நாலு நாளைச் சுமந்துக்கிட்டு நின்னு, அஞ்சுக்குப் பேரம் பேசுறீங்க."

சின்னவன் சிரிக்கப் பார்த்தான். சிரித்தால் வயிறு வலித்தது.

"அந்த நார் மாவு இன்னும் ஓடுதா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஓடுது."

"அது மட்டும்தான் ஓடுது. தண்ணி இல்லாம நாரை உள்ளே தள்ளினா அது கயிறாத்தான் திரியும். இதை இன்னிக்கு வச்சுக்குங்க. மாவை நிறுத்துங்க. நல்லா தண்ணி குடிங்க. காத்து இறங்கும், மேல் மூச்சும் சரியா வரும்."

"எடையும் இறங்குமாண்ணே?"

"உள்ள இருக்கிறது வெளியே போனா இறங்காதா? ஒரு கிலோ, ரெண்டு கிலோ இறங்கும்."

சின்னவன் குப்பியை மெதுவாகக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அஞ்சு குறையாததால் போய்விட்டான் என்று மருந்துக்கடைக்காரர் நினைத்திருப்பார். விஷயம் அது இல்லை. தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்கு ஐம்பத்தைந்து கிலோ வேண்டும். அன்று காலை கிடங்கில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்தபோது ஐம்பத்தாறு நானூறு. அதில் இரண்டு போனால் என்ன மிச்சம் என்று கணக்குப் போட, மளிகைக்கடையில் பிறந்தவனுக்குக் காகிதம் தேவையில்லை.

ஏற்கெனவே இரண்டு தடவை எடையில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். முதல் தடவை ஐம்பது, அடுத்த தடவை ஐம்பத்திரண்டு. இது மூன்றாவது, கடைசி. வயது வரம்பு இருபத்தெட்டு. அடுத்த ஆட்சேர்ப்பு வருவதற்குள் அவனுக்கு இருபத்தெட்டு தாண்டிவிடும்.

இருக்கிற கடையை விட்டுவிட்டு நெருப்புக்குள் போய் நிற்க ஏன் இப்படி ஆசை என்று அப்பா பலமுறை கேட்டிருக்கிறார். சின்னவன் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னான். "தீ பேரம் பேசாதுப்பா." பதினாறு வயதிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, கால் கிலோ சர்க்கரைக்குக் கால் மணி நேரம் வாதாடிக் களைத்தவன் அவன். அப்பாவுக்கு அந்தப் பதில் புரியவே இல்லை. பேரம் பேசாத ஒன்றோடு மனிதன் எப்படிப் பழகுவான் என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் சின்னவன் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தான். மாஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எலும்பு இருக்கு, மத்ததை நாமதான் போடணும்" என்றார். தினம் எட்டு முட்டை என்றார். இவ்வளவு புரதம் போனால் வயிறு கட்டிக்கொள்ளும், அதனால் நார்ச்சத்து மாவு ஒரு கரண்டி என்றார். ஒரு கரண்டி. அதை அவர் விரலை நீட்டிச் சொன்னார்.

தவறு மாஸ்டருடையது அல்ல. தவறு கடையின் மேல் பரணில் இருந்தது. முப்பத்தாறு டப்பா நார்ச்சத்து மாவு. முப்பது வாங்கினால் ஆறு இலவசம் என்று ஒரு விற்பனையாளர் சொல்ல, ஆறு இலவசத்துக்காக அப்பா முப்பதை வாங்கிப் போட்டிருந்தார். ஒன்றுகூட விற்கவில்லை. தேதி முடிய ஆறு மாதம். மகன் வாயில் அந்தப் பெயர் வந்ததுமே அப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"முப்பத்தாறு டப்பா," என்றார். "டப்பாவுக்கு முப்பது கரண்டி. ஆயிரத்து எண்பது. நாள் நூத்தியெண்பது. நாளைக்கு ஆறு கரண்டி."

"மாஸ்டர் ஒரு கரண்டின்னு சொன்னாருப்பா."

"அவரு கடையிலயா தேங்கிக் கிடக்குது?"

கணக்கு மீதமில்லாமல் வகுபட்டது. அந்த வீட்டில் மீதமில்லாமல் வகுபடுகிற கணக்கை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சின்னவனும் மறுக்கவில்லை. கொஞ்சம் நல்லது என்றால் நிறைய இன்னும் நல்லது, மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்பது அவனுக்கும் ரத்தத்தில் ஊறியதுதான். எட்டு முட்டை மூன்றானது. "கொண்டைக்கடலையும் பயறும் மூட்டை மூட்டையா இருக்கு, காசைக் குடுத்து முட்டை வாங்குறியா?" என்று அப்பா கேட்டதில் நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. ஆக, புரதத்துக்கென்று தின்றதிலும் நார்தான். அதற்கு மேல் ஆறு கரண்டி.

தண்ணீர் குடித்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பான். ஆனால் எட்டுக் கடைக்குத் தெருக்கோடியில் ஒரே கழிப்பறை, அதன் சாவி செருப்புக்கடையில். போய்ச் சாவி வாங்கி, வரிசையில் நின்று, திரும்பி வருவதற்குள் நாலு வாடிக்கை கைமாறிவிடும். அதனால் கடைத்தெருவில் யாருமே பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. சின்னவன் காலையில் ஒரு டம்ளர், கடை கட்டியபின் ஒரு டம்ளர்.

முதல் மாதம் வயிறு பேச ஆரம்பித்தது. துவரம்பருப்பு வாங்க வந்த ஒரு டீச்சரம்மா காதைத் தீட்டிக்கொண்டு, "உள்ளே மில்லு எதுவும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். இரண்டாம் மாதம் காற்று. அதை மறைக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வருகிறது என்று தெரிந்ததும் இரண்டு கிலோ எடைக்கல்லைத் தராசுத் தட்டில் டங்கென்று போடுவான். விலை குறைத்துக் கேட்டால் சின்னவருக்குக் கோபம் வருகிறது என்று தெருவில் பேச்சாகி, பேரம் பாதியாகக் குறைந்தது. அப்பாவுக்கு அந்த மாதம் நல்ல வியாபாரம்.

மூன்றாம் மாதத்திலிருந்து பேச்சும் காற்றும் நின்றுவிட்டன, வயிறு கழிவதும் நாலைந்து நாளைக்கு ஒருமுறை என்றானது. வயிறு மத்தளமாக இறுகியது. பசி என்பது மறந்தே போனது. தின்னவேண்டிய மூன்று முட்டையில் ஒன்றைத் தின்பதற்குள் கழுத்துவரை நிரம்பிவிடும். உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்புத் தண்டு தூக்க மூச்சை அடக்கினால் அடங்கவில்லை.

"டேய் தம்பி, நெஞ்சைக் காட்டச் சொன்னா வயித்தைக் காட்டுற," என்றார் மாஸ்டர். "மாவு ஒரு கரண்டிதானே போடுற?"

"ஒரு கரண்டிதான் மாஸ்டர்."

பொய் சொல்லக் காரணம், தராசு முள் ஏறிக்கொண்டிருந்தது. ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. அதில் எது சதை, எது தேங்கிய சரக்கு என்று அவனுக்குத் தெரியாது. முள்ளுக்கும் தெரியாது. தீயணைப்புப் படை முள்ளைத்தான் பார்க்கும். அதனால்தான் அவன் அந்தக் குப்பியைக் கண்ணாடி மேலேயே வைத்துவிட்டு வந்தான். மிச்சமிருந்த ஒன்பது நாளும் ஆறு ஆறு கரண்டி, ஒரு நாள் தவறாமல். நடுவில் ஒரே ஒரு முறை, பேருக்கு ஏதோ நடந்தது.

ஆள் எடுக்கிற அன்று அப்பா கடைக்குப் பூட்டுப் போட்டார். துக்கத்துக்குத் தவிர அந்தப் பூட்டைப் பகலில் யாரும் பார்த்ததில்லை. "சும்மா வேடிக்கை பார்க்க வர்றேன்," என்றார். மைதானத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் முந்நூறு பேர் சட்டையில்லாமல், இந்தப் பக்கம் பெற்றவர்கள் கையில் சட்டைகளோடு.

முதலில் எடை. "ஐம்பத்தாறு எண்ணூறு, தேறிட்டே," என்றார் எழுதுகிறவர். சின்னவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா விரலால் ஒன்று, அப்புறம் முக்கால் என்று காட்டினார். உபரி.

அடுத்தது மார்பளவு. சீருடையில் ஒருவர் நாடாவோடு நின்றார். மூச்சை விட்டால் ஓர் அளவு, இழுத்தால் ஓர் அளவு. நடுவில் ஐந்து சென்டிமீட்டர் இருக்கவேண்டும்.

சின்னவன் மூச்சை விட்டான். எண்பத்திரண்டு. இழுத்தான். நிரம்பிய கிடங்கில் இன்னொரு மூட்டையை இறக்கப் பார்ப்பது போலிருந்தது. காற்று உள்ளே வந்து, கீழே இடமில்லாமல் வாசலிலேயே நின்றது. மூன்று தடவை விட்டார்கள். மூன்றாவது தடவை கண் இருட்டியது.

"மூணரை," என்றார் நாடாக்காரர். "அந்தப் பக்கம் போப்பா."

அந்தப் பக்கம் என்றால் வெளியே போகிற வாசல். அப்போதுதான் அப்பா கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார்.

"சார், ஒரு நிமிஷம். வேணுங்கிறது எவ்வளவு?"

"அஞ்சு."

"நாலுல முடிச்சுக்கலாமே சார்."

வரிசையில் சிரித்தார்கள். நாடாக்காரர் சிரிக்கவில்லை. "ஐயா, இது கடை இல்ல."

"தெரியும் சார். கடையா இருந்தா நானே குறைச்சிருப்பேன். எடையில ஒன்னே முக்கால் கிலோ கூட இருக்கு பாருங்க. அதை இதுல ஈடு கட்டிக்கக் கூடாதா?"

சின்னவன் சட்டையில்லாமல் நின்றான். இந்தக் குரலிலிருந்து தப்பிக்கத்தான் அவன் இங்கே வந்தது. ஆனால் அந்த நிமிஷம், விட்டுவிடாதீர்கள் அப்பா, இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்று அவன் மனசு கெஞ்சிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அப்பா இழந்த பேரத்தை அவன் பார்த்ததே இல்லை.

நாடாக்காரர் நாடாவைச் சுருட்டினார். "பெரியவரே, உள்ளே புகையா இருக்கும். மூச்சு இருக்கிற வரைக்கும்தான் உள்ளே இருக்கலாம். இன்னிக்கு நான் ஒன்றரை விட்டுக் குடுத்தா, அன்னிக்கு அந்த ஒன்றரையை உங்க பையனுக்கு யாரு குடுப்பா?"

அப்பா கையிலிருந்த மகனின் சட்டையை மடித்தார்.

"சரிங்க," என்றார்.

எதிராளி பத்துத் தடவை இறங்கி வந்த பிறகும் அந்த வார்த்தையைச் சொல்ல யோசிக்கிறவர் அவர்.

இருவரும் திரும்பினார்கள். கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் அப்பா நேராக மருந்துக்கடைக்குள் போனார். மருந்துக்கடைக்காரர் சண்டைக்குத் தயாராகி, "அறுபத்தஞ்சு. உங்களுக்காக வேணும்னா அறுபது," என்றார். அப்பா எழுபதை வைத்துவிட்டுக் குப்பியை எடுத்துக்கொண்டு, மீதியை வாங்காமல் வந்தார். மருந்துக்கடைக்காரர் பத்தை நீட்டிய கையோடு வாசல்வரை வந்து நின்றார்.

குப்பி சொன்ன வேலையைச் செய்தது. விவரம் வேண்டாம். மாவை நிறுத்தினான். தினம் எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தான். செருப்புக்கடைச் சாவியை நாலு தடவை வாங்கினான். போன வாடிக்கையைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஏனென்று தெரியாமலே, கிடங்குத் தராசில் ஏறினான். ஐம்பத்தைந்து முந்நூறு. இறங்கி மறுபடி ஏறினான். அதேதான். அவ்வளவும் சதைதான் போலிருந்தது. ஐந்து மாதமாகத் தூக்கிய இரும்பு, சொல்லிக்கொள்ளாமல், உள்ளே தன் வேலையைச் செய்திருந்தது. நடந்தே உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் மாஸ்டரிடம் ஓர் அளவு நாடாவைக் கொடுத்தான்.

"விடு," என்றார் மாஸ்டர். "இழு." அப்புறம் நாடாவை மறுபடி சுற்றி அளந்தார்.

"எவ்வளவு மாஸ்டர்?"

"எதுக்குடா இப்ப?"

"சொல்லுங்க."

"அஞ்சரை."

கடைக்குத் திரும்பியபோது அப்பா பரணில் மிச்சமிருந்த டப்பாக்களை இறக்கி வைத்திருந்தார். ஒரு பொருளைக் குப்பையில் போடு என்று அவர் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை. "தூக்கிப் போட்டுடுடா," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

சின்னவன் ஒரு டப்பாவைத் திருப்பி அடியில் பார்த்தான். "தேதி இன்னும் ஒரு மாசம் இருக்குப்பா," என்றான். துணியால் துடைத்து, முன்வரிசையில் வாடிக்கைக்காரர் கண்ணில் படும்படி அடுக்கி, அட்டையில் பாதி விலை என்று எழுதிச் சாத்தினான். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் போய் நின்றான். சர்க்கரை வாங்க வந்த ஒருவர் விலையைக் கேட்டுவிட்டு, ரெண்டு குறைச்சுக்குங்க என்றார். கட்டுப்படியாகாதுங்க என்று சின்னவன் ஆரம்பித்தான். கால் மணி நேரம் ஆனது.

அவர் போனதும் பில் புத்தகத்தின் பின் அட்டையில், அப்பா எழுதுகிற மாதிரியே, சின்னச் சின்ன எழுத்தில் எழுதினான்:

டப்பா வந்தது முப்பத்தாறு. தின்றது முப்பது. மீதி ஆறு.

எடை, தேவை ஐம்பத்தைந்து. இருப்பு ஐம்பத்தைந்து முந்நூறு.

மூச்சு, தேவை ஐந்து. இருப்பு ஐந்தரை.

வயது, மீதி இல்லை.