லாண்ட்ரி வால்வு

இறப்புச் சான்றிதழ் எழுத வந்த மருத்துவர் அடையாள அட்டை கேட்டார் என்று, ஆணியில் தொங்கிய அண்ணனின் சட்டைப்பைக்குள் தம்பி கையை விட்டான். அட்டையோடு நான்காக மடித்த இரண்டு காகிதங்களும் வந்தன. அண்ணன் அதே அறையில்தான் கிடத்தப்பட்டிருந்தார். மூச்சு விடியற்காலை ஐந்து மணிக்கு நின்றிருந்தது.

இருவருக்கும் ஒரே தொழில். ஆலை, ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று எங்கெல்லாம் அழுக்குத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குள் திரும்பிவர வழியிருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு தடுப்பு வால்வு இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை அதைச் சோதித்து, அழுத்த எண்களைப் படிவத்தில் எழுதிக் குடிநீர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

மேலே இருந்தது நாலு தெரு தள்ளியிருக்கும் லாண்ட்ரியின் படிவம். முந்தாநாள் தேதி, அண்ணன் கையெழுத்து. அடியில் இருந்தது போன வருஷத்து நகல், தம்பியே சோதித்து எழுதியது. எட்டு புள்ளி இரண்டு, மூன்று புள்ளி ஒன்று. மேலேயும் அதே எட்டு புள்ளி இரண்டு, மூன்று புள்ளி ஒன்று. வருஷம் முழுக்க உழைத்த ஸ்பிரிங் புள்ளி பிசகாமல் பழைய எண்ணைக் காட்டாது. அடுத்தவர் படிவத்தில் இப்படிப் பார்த்தால், "வால்வு அசையலைன்னு நெனைக்காதே, ஆளு அசையல" என்று சிரிக்கிறவர் அண்ணன்தான்.

"அண்ணி, முந்தாநாள் அண்ணன் லாண்ட்ரிக்குப் போனாரா?"

"போனாரு. அரை மணியில திரும்பிட்டாரு. கை நடுங்குது, ஸ்பேனர் நிக்கமாட்டேங்குதுன்னாரு. தம்பியக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேணாம், அந்தப் பய ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்னுட்டாரு."

சிரிக்கத்தான் செய்திருப்பான். போன மாதம் ஒரு நட்டைக் கழற்ற அண்ணன் திணறியபோது, நாலு பேர் முன்னால், "உங்களுக்கே ஒரு டெஸ்ட் எடுத்துச் சிவப்புச் சீட்டு மாட்டிரலாம்ணே" என்றவன் அவன். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வாசலில் குடிநீர் அலுவலக மேற்பார்வையாளர் நின்றிருந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது தம்பி. நாளைக்குக் காலையில ரிப்பேருக்காக மெயின் குழாய அடைக்கிறோம். லாண்ட்ரி ஃபாரம் மட்டுந்தான் பாக்கி. அண்ணன் எழுதி வச்சிருந்தா குடுத்துருங்க. அவர் எண்ணுன்னா நான் கண்ண மூடிக்கிட்டு வாங்கிக்குவேன்."

மெயினை அடைத்தால் குழாயில் அழுத்தம் செத்துப்போகும். அப்போது பழுதான வால்வு இருக்கும் இடத்திலிருந்து குழாய் எதை வேண்டுமானாலும் உறிஞ்சிக்கொள்ளும். தம்பியின் கை, படிவங்களைச் செருகி வைத்திருந்த தன் சட்டைப்பை வரைக்கும் போயிற்று. கொடுத்துவிட்டால் அண்ணன் பேர் அப்படியே இருக்கும்.

"ஒரு மணி நேரத்துல தரேன் சார்" என்றான்.

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதும் அத்தை மறித்தாள். "கூடப் பொறந்தவன் கட்டையா கெடக்கான், உனக்கு இப்பத்தான் வேலை வந்து கொட்டுதாடா?"

"வந்துடறேன் அத்தை."

"அவன விடுங்க, போகட்டும்" என்றாள் அண்ணி உள்ளிருந்து.

லாண்ட்ரியில் எட்டு இயந்திரங்களும் சுழன்றுகொண்டிருந்தன. தண்ணீரை நிறுத்தச் சொன்னதும் உரிமையாளர் அம்மாள் முகம் சுளித்தாள். "உங்க அண்ணன் முந்தாநாளே வந்தாரே. எல்லாம் சரின்னுட்டாரே."

"அவரு டெஸ்ட் பண்ணலம்மா. உடம்பு முடியல." வாயைவிட்டுச் சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது.

சோதனைக் கருவியின் மூன்று குழல்களையும் வால்வில் பொருத்தி, காற்றை வெளியேற்றி, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தான். முதல் தடுப்பு பிடித்தது. அடுத்தது வடிகால் துளை. அழுத்தம் இரண்டுக்கு இறங்குவதற்குள் அது தானே திறந்து தண்ணீரை வெளியே கொட்ட வேண்டும். முள் இரண்டைத் தாண்டியது. ஒன்று. அரை. துளை வாயே திறக்கவில்லை. தன் கைமேல் சந்தேகப்பட்டு மறுபடி செய்தான். மூன்றாம் முறையும் செய்தான்.

வரும் தண்ணீரை அடைத்து, 'பழுது' என்ற சிவப்புச் சீட்டை வால்வில் மாட்டினான்.

"இருபது மூட்டை துணி ஊறிக் கெடக்குதுப்பா!"

"கெடக்கட்டும்மா. இல்லாட்டி நாளைக்கு உங்க சோப்புத் தண்ணி தெருக்காரங்க டம்ளர்ல நொரைக்கும்."

திரும்பி வந்து மேற்பார்வையாளரிடம் இரண்டு படிவங்களையும் கொடுத்தான். ஒன்றில் 'தேறியது', அண்ணன் கையெழுத்து. மற்றதில் 'தேறவில்லை', அவன் கையெழுத்து. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். பிறகு அண்ணனுடையதை மட்டும் பழைய மடிப்பிலேயே மடித்து அவனிடம் நீட்டினார்.

"இது ஆபீசுக்கு வந்து சேரல தம்பி. முந்தாநாள் சாயங்காலம் எங்க ஆபீஸ் கேட்டு வரைக்கும் வந்தாரு. நான் ஜன்னல்லேருந்து பாத்தேன். கொஞ்ச நேரம் நின்னாரு. உள்ள வராமத் திரும்பிட்டாரு."

தம்பி அதை வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணனை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. தலைமாட்டில் அவன், எதிரே அண்ணியும் அத்தையும். லாண்ட்ரித் தெருவில் திரும்பியபோது அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"பாருடா, அவனுக்காகக் கடையையே சாத்திட்டாங்க. எத்தனை மரியாதை!"

அண்ணி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஆமா அத்தை" என்றான்.

பாதி இறங்கிய ஷட்டருக்கு முன்னால் வேலைக்காரப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைக் கண்டதும் ஒருத்தி எழுந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.