பெரணி இலையின் அடிப்பக்கம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. ஆகவே நான் சொல்லும் எதையும் உடனே நம்பிவிட வேண்டாம்.

1981. செங்கம் சாலையில் ராஜம்மாள் வீட்டு மாடியறையை வாடகைக்கு எடுத்து, நாவல் எழுத உட்கார்ந்திருந்தேன். வராந்தாவில் ஏழு தொட்டிகளில் பெரணிச் செடிகள். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் ஆதிமூலம். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவார்.

(முதலில் எழுதிய தொடக்கம்: “ஆதிமூலத்தின் கண்களில் ஏதோ ஒரு கள்ளத்தனம்...” அடித்துவிட்டேன். அவர் கண்களை நான் சரியாகப் பார்த்ததேயில்லை.)

2

சித்திரையில் இலை நுனிகள் கருகின. ராஜம்மாள் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில், நடு நரம்பின் இருபுறமும் பழுப்புப் புள்ளிகள்.

“சார், நீங்க படிச்சவரு. இது இன்னா?”

“பூச்சி. ஆதிமூலம் கொண்டாந்த எருவோட வந்திருக்கும்” என்றேன். பெரணியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்தில் நின்ற ஆதிமூலம் இலையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “பூச்சின்னா இப்படி வரிசையா உக்காருமாங்க?”



“நாளைலேர்ந்து வர வேணாம் ஆதிமூலம்” என்றார் ராஜம்மாள். ஆறு வருஷமாக அந்த வீட்டை நம்பிப் பிழைத்தவர். (அழுதார் என்று எழுதப் பார்த்தேன். அழவில்லை. பூவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.)

3

அடிக்குறிப்பாகப் போட்டு ஒளிக்க நினைத்தது இது. அடுத்த வாரம் நூலகத்தில் ஒரு தோட்டக்கலைப் புத்தகம் பார்த்தேன். பெரணி பூக்காது, இலைக்கடியில் வரிசையாக இருக்கும் அந்தப் புள்ளிகள்தான் அதன் வித்துகள். நோயே இல்லை. நுனி கருகுவது வெயிலால். தொட்டியை நிழலில் வைத்தால் சரியாகிவிடும்.

முன்பு நிழலில்தான் இருந்தன. அந்த இடத்தில் என் நாற்காலியைப் போட்டுக்கொள்ள, அவற்றை வெயிலுக்குத் தள்ளியது நான்.

4

முடிவு ஒன்று: ராஜம்மாளிடம் உண்மையைச் சொல்கிறேன். ஆதிமூலம் திரும்பி வருகிறார். (நன்றாயிருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.)

முடிவு இரண்டு: யாருக்கும் தெரியாமல் தொட்டிகளை நிழலுக்கு இழுத்துவிடுகிறேன். ஒரு மாதத்தில் புது இலைச் சுருள்கள் விரிகின்றன. ராஜம்மாள் சிரிக்கிறார்: “பாத்தீங்களா சார், அந்தாளு போனதும் எப்படித் தழைச்சுடுச்சு!” நான் தலையாட்டுகிறேன்.

இரண்டாவது என் கற்பனை இல்லை. வெட்கமாயிருக்கிறது.

5

முடிவை உங்களிடம் விடுகிறேன்; இதுவும் கோழைத்தனம்தான். பௌர்ணமிக்கு மலை சுற்றினால் அடி அண்ணாமலை வழியாகத்தான் போவீர்கள். ஆதிமூலம் வீட்டைக் கேட்டால் காட்டுவார்கள். அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போகவில்லை. “உக்காராதுங்க” என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கவனித்திருப்பீர்கள், என் பெயரை எங்கும் எழுதவில்லை. யார் சொல்லி அனுப்பியது என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.