பத்து மணி நேரக் கரி

குருபரப்பள்ளியில் யாரைக் கேட்டாலும் கங்கப்பனைப் பற்றி ஒன்றைத்தான் சொல்வார்கள்: ஒரு கூடைக் கரியை வைத்துக்கொண்டு பொழுதுக்கும் நெருப்பு ஓட்டத் தெரிந்த ஆள். நெருப்பை வைத்துக்கொள்ளத் தெரிந்தவனுக்குப் பொண்டாட்டியை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று பக்கத்து டீக்கடை ஜோதியம்மாள் மட்டும் சேர்த்துச் சொல்வாள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆனால் அவள் சொன்னதில் பொய்யும் கிடையாது.

கெம்பம்மா தேன்கனிக்கோட்டைப் பக்கம் அப்பன் வீட்டுக்குப் போய் இந்தப் புதன்கிழமையோடு ஒரு வருஷம். தேதி எப்படித் துல்லியமாகத் தெரியும் என்றால், அவள் போனது அப்பன் எல்லப்பனின் சாவுக்கு. போனவள் திரும்பவில்லை. இந்தப் புதன்கிழமை அந்த மனுஷனுக்கு முதல் வருஷப் படையல்.

படையலுக்குக் கங்கப்பனை அழைத்தார்களா என்றால், அழைத்ததாகவும் சொல்லலாம். மைத்துனன் தினேஷ்குமார் நாலு நாளைக்கு முன்னால் போன் செய்தான். "மாமா, புதன்கிழம அப்பாவுக்கு வருசம். வெளக்கு வெக்கிற நேரத்துக்குப் படையல் போடறோம். சொல்றது என் கடம. வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

"உங்கக்கா சொல்லச் சொல்லுச்சா?"

"அது ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல."

அந்த 'வேண்டாம்னும் சொல்லல' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் கங்கப்பன் நாலு நாளும் தூங்காமல் கிடந்தான். நாற்பத்தெட்டு வயசு ஆள், ஓசூர் வார்ப்படக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் உலை முன்னால் நின்றவன், கல்யாணமாகாத பையனைப் போல ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு புரண்டான்.

வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது அவர்கள் வழக்கம். எல்லப்பனுக்குப் பிடித்தது என்ன என்று கங்கப்பனுக்குத் தெரியும். அது அவனுடைய டிரம் அடுப்பில் புகை போட்டு வெந்த ஆட்டுத் தொடைதான். மாதம் இரண்டு ஞாயிறு பஸ் ஏறி வந்து, மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, எலும்போரத்துக் கறுத்த சதையைக் கேட்டு வாங்கித் தின்பார். "எம்மவளக் கட்டிக் குடுத்ததுக்கு இதயாவது குடுக்கறயே" என்று கேலி பேசுவார். கெம்பம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்கவே கங்கப்பன் இன்னொரு துண்டு வெட்டி வைப்பான்.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது வந்த பணத்தில் இந்தச் சாலையோரக் கொட்டகையைப் போட்டான். எண்ணெய் டிரம் ஒன்றுக்கு மூடி, அடியில் ஒரு காற்று ஓட்டை, மூடியில் ஒன்று, இரண்டுக்கும் நகர்த்துகிற தகடு. பெங்களூர்க்காரர்கள் சனி ஞாயிறு காரை ஓரங்கட்டி வாங்கித் தின்கிறார்கள். வேலை என்னவோ சுலபம்தான். கஷ்டம் என்னவென்றால் பத்து மணி நேரம் அந்த நெருப்பு எரியவும் கூடாது, அணையவும் கூடாது.

போன வருஷம் நடந்ததும் அந்தப் பத்து மணி நேரத்தால்தான். அன்றைக்குக் காலை எட்டு மணிக்குச் சாவுச் செய்தி வந்தது. டிரம்முக்குள் ஒரு கம்பெனி விருந்துக்கான பதினோரு கிலோ கறி. கெம்பம்மா கட்டின சேலையோடு பஸ் ஏறினாள். இவன், "நீ முன்னாடி போ. இன்னும் ரெண்டு மணி நேரம், கறி எறங்குனதும் ஓடியாந்துடறேன். பெங்களூர்ல இருந்து உங்கக்கா வராம எடுக்க மாட்டாங்க" என்றான். கறியை இறக்கி விருந்துக்கு ஏற்றி அனுப்பவே உச்சி தாண்டிவிட்டது. அங்கே மழை இருட்டிக்கொண்டு வந்ததால் இரண்டு மணிக்கே எடுத்துவிட்டார்கள். மருமகன் போடவேண்டிய கோடித்துணியைப் பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தவன் மேலெல்லாம் கறிப்புகை. எழவு வீட்டில் அந்த வாசனையோடு போய் நின்றான், அட, மனுஷன்தானா!

கெம்பம்மா கத்தவில்லை. பதினோராம் நாள் அவன் கூப்பிட்டபோது மட்டும், "உனக்கு அந்த டிரம்முதான் பொண்டாட்டி, போ" என்றாள். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

ஆகவே இந்தத் தடவை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டான். விடிகாலை நாலு மணிக்கு நெருப்பு. பகல் இரண்டு மணிக்குத் தொடை இறங்கும். இரண்டரை பஸ். ஓசூரில் மாறி, அஞ்சரைக்குள் வீடு. தொடை போட்டு எடுத்து வருவதாகத் தினேஷ்குமாரிடம் போனில் சொல்லியும் வைத்தான்.

கணக்கு சரி. கரிதான் சரியில்லை. கரி வண்டி அந்த வாரம் வரவில்லை. வழியில் எங்கோ பழுதாகி நிற்கிறதாம். மூட்டையின் அடியில் கால்வாசி கிடந்தது. கிருஷ்ணகிரியில் இஸ்திரிக்காரர்கள் வாங்குகிற பொடிக் கரி கிடைக்கும். அது அரை மணியில் பொசுக்கென்று எரிந்து சாம்பலாகும். இருக்கிறதை வைத்துத்தான் பத்து மணி நேரம் ஓட்டியாக வேண்டும்.

ஓட்ட முடியாததில்லை. தூளைச் சலித்துத் தள்ளினான். முஷ்டி அளவு கட்டிகளை அடியில் நெருக்கி அடுக்கினான். சந்துகளில் சின்னத் துண்டுகளைத் திணித்தான். காற்றுக்கு வழி குறைந்தால்தான் கரி மெல்லப் பற்றும். இடையிடையே காய்ந்த மாமரக் கட்டை நாலு, புகைக்கு. நடுவில் குழி பறித்து, தனியே மூட்டிய ஏழே ஏழு தணலை அதில் இட்டான். அது மேலிருந்து கீழே, ஒன்றைத் தொட்டு ஒன்றாக, நாளெல்லாம் இறங்க வேண்டும். மேலே தண்ணீர்ச் சட்டி, அதற்கு மேல் கம்பியில் தொடை. அடித் தகட்டை ஒரு விரற்கடை அளவு திறந்து விட்டு, மூடியைப் போட்டான்.

இனி ஒரே ஒரு வேலை. மூடியைத் திறக்காமல் இருப்பது.

இங்கேதான் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. கரியை அடுக்குவது கங்கப்பன் கை. கரி நின்று எரிந்தது கெம்பம்மா கை. கங்கப்பனுக்குச் சும்மா இருக்க வராது. உலை முன்னால் நின்ற பழக்கம், எட்டிப் பார்த்தே ஆகவேண்டும். ஒரு தடவை மூடியைத் தூக்கினால் உள்ளே காற்று குபீரென்று புகுந்து, அரை மணி நேரத்துக் கரியை ஒரே மூச்சில் தின்றுவிடும். அவன் கை மூடிப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் பட்டென்று புறங்கையில் அடிப்பாள். "என்னாத்துக்குத் தெறக்கற? நீ பாத்தாத்தான் வேகுமா?" அப்படிச் சொல்லிவிட்டு டிரம்முக்குப் பக்கத்திலேயே, மார்கழிக் குளிரில் முதுகைக் காட்டிக்கொண்டு, அவரைக்கொட்டை உரித்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் போனபிறகு இவனுக்குக் கரி மூட்டை ஒன்றுக்கு ஒன்றரையாகச் செலவாகிறது. அடிக்க ஆளில்லையே!

ஆறு மணிக்கு முதல் தடவை திறந்தான். பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டு மூடினான். ஏழரைக்கு மறுபடி. ஒன்பதுக்கு மறுபடி. புகை மெலிந்த மாதிரி இருந்தது என்பான்; உண்மையில் மெலிந்து கிடந்தது அவன் மனசு. அவள் முகம் எப்படி இருக்கும், வாசலிலேயே நிறுத்திவிடுவாளா, தண்ணீர் கொடுப்பாளா என்று ஒவ்வொன்றாக நினைக்க நினைக்கக் கை தானாக மூடிக்குப் போனது.

"ஏம்பா, அது அடுப்பா, டிவி பொட்டியா? இத்தன தடவ பாக்கற!" என்றாள் ஜோதியம்மாள், டீ ஆற்றிக்கொண்டே.

"கரி போதுமான்னு பாத்தேன்க்கா."

"பாத்துப் பாத்தே தீத்துப்புடுவ போல."

பதினோரு மணிக்கு பெங்களூர் வண்டி ஒன்று ஒதுங்கியது. "மட்டன் இதெயா?" என்று கண்ணாடியை இறக்கிக் கன்னடத்தில் கேட்டார் ஒருவர். "இவத்து இல்லா சார், மனே கெலசா" என்று கங்கப்பன் சொல்லி அனுப்பினான். இன்றைக்கு இல்லை, வீட்டு வேலை என்று சொன்னதே அவனுக்கு இனித்தது. வீடு என்று ஒன்று இருக்கிறது போலத் தோன்றியது. அந்தக் குஷியில் போய் இன்னொரு தடவை மூடியைத் தூக்கினான்.

பன்னிரண்டரைக்கு டிரம்மின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். சூடு இறங்கியிருந்தது. திறந்தால் உள்ளே கரி பாதிக்கு மேல் சாம்பல். மிச்சம் ஒரு மூலையில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூட்டையை உதறி, கிடைத்த ஒரு சட்டி கரித்துண்டுகளைப் போட்டான். அடித் தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்தான்.

இரண்டு மணிக்குத் தொடையில் கம்பியைக் குத்தினான். பாதியில் நின்றது. வெளியே பொன்னிறம், உள்ளே எலும்பைச் சுற்றி இன்னும் முறுக்கு. கரி இதே மாதிரி நகர்ந்தால், இனி மூடியைத் தொடாமல் இருந்தால், நாலு மணிக்குள் வெந்துவிடும்.

"கேஸ்ல தூக்கி வை. அரை மணில வெந்துரும். செத்த மனுசனுக்கு வித்தியாசம் தெரியவா போவுது?" என்றாள் ஜோதியம்மாள்.

"கடைசில வெச்சுக்குடுக்கறதயுமா ஏமாத்திக் குடுக்கச் சொல்ற? வேண்டாங்க்கா. நாலு மணி பஸ்ஸப் புடிச்சா ஏழு மணிக்குப் போயிரலாம். கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் வெச்சிருப்பாங்க. இன்னும் ரெண்டு மணி நேரந்தான்."

ஜோதியம்மாள் டீ டம்ளரை வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"போன வருசமும் இதேதான் சொன்ன, கங்கப்பா. இந்த எடத்துலதான் நின்னுக்கிட்டு சொன்ன. கெம்பம்மா பஸ்ல ஏறறா, நீ ரெண்டு மணி நேரம்னு சொல்ற. நான் காதாரக் கேட்டேன்."

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததே கங்கப்பனுக்குத் தெரியவில்லை. அப்பனைப் பறிகொடுத்தவளிடம் சொன்ன அதே வார்த்தையை, ஒரு எழுத்து மாறாமல், வருஷம் திரும்பிய அன்றைக்கும் சொல்லிக்கொண்டு நிற்கிறான். எதற்காக இந்தத் தொடை என்று யோசித்தான். எல்லப்பனுக்கா? அந்த மனுஷன் அன்றைக்கு இவனுக்காகக் காத்திருந்தாரே தவிர, கறிக்காக இல்லை. வெந்த தொடையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் அவள் மன்னிப்பாள் என்று தனக்காகத்தான் இத்தனையும் செய்திருக்கிறான்.

குனிந்து அடித் தகட்டை இழுத்து மூடினான். மூடியிலிருந்த தகட்டையும் தள்ளி மூடினான். கடைசிப் புகை ஒரு இழை வந்து நின்றது. பத்து மணி நேரம் காப்பாற்ற வேண்டிய நெருப்பைப் பத்து நொடியில் மூச்சடைத்துவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"அந்தத் தொடைய என்ன பண்றது?" என்றாள் ஜோதியம்மாள்.

"உன் இஷ்டம்க்கா. நாய்க்குப் போட்டாலும் சரி."

குழாயடியில் நாலு தடவை சோப்புப் போட்டுக் குளித்தான். தோய்த்து மடித்த வேட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டரை பஸ்ஸில் ஏறினான். ஏறியபின் அவனுக்கு ஒரு விநோதப் பயம் வந்தது. இத்தனை வருஷத்தில் எங்கே போனாலும் கையில் ஒரு பொட்டலமாவது இருக்கும். முதல் தடவையாக வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சூளகிரி தாண்டி ஒரு கம்பெனி ஷிப்ட் விட்டுக் கூட்டம் ஏறியது. ஓசூர் பாலத்தடியில் பஸ் இருபது நிமிஷம் நகரவில்லை. எழுந்து எழுந்து முன்னால் பார்த்தான். பார்ப்பதால் பஸ் நகர்ந்துவிடுமா என்ன! நீ பாத்தாத்தான் போகுமா என்று அவள் கேட்பது போலிருந்தது. உட்கார்ந்துகொண்டான்.

தேன்கனிக்கோட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்து அந்தச் சின்ன ஊருக்குள் நுழையும்போது அஞ்சே முக்கால். வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே இலை கழுவும் சத்தம். படையல் இன்னும் போடவில்லை.

கெம்பம்மா குடத்தோடு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். நெற்றியோரம் நரை கூடியிருந்தது. அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அவள் பார்வை அவன் முகத்திலிருந்து கைக்குப் போயிற்று, கையிலிருந்து முதுகுப் பக்கம், பையைத் தேடி.

"தொட போட்டிருக்கறதாத் தம்பி சொன்னான்" என்றாள். வருஷம் கழித்துக் கேட்கிற குரல்.

"போட்டேன். வேகல."

"எத்தன மணி நேரம் பாக்கி?"

"ரெண்டு மணி நேரம்."

"டிரம்மு?"

"அணச்சுப் போட்டுட்டு வந்துட்டேன்."

அவள் நம்பவில்லை. கிட்டே வந்து அவன் சட்டையை முகர்ந்தாள். சோப்பு வாசனைதான் இருந்தது. குடத்தைக் கீழே வைத்தாள். எழவன்றைக்கும் அழாமல், பதினோராம் நாளும் அழாமல் இறுக்கி வைத்திருந்த உதடு நடுங்கியது.

"அன்னிக்கும் இப்பிடி வந்திருக்கலாமில்ல?" என்றாள்.

"வந்திருக்கலாம்" என்றான் கங்கப்பன்.

அவள் படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அப்பனுக்காக அழுதாள். அவன் ஒரு படி கீழே உட்கார்ந்தான். "அக்கா, நேரமாவுது" என்று தினேஷ்குமார் உள்ளேயிருந்து கூப்பிட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. அவனும் அவளை எழுப்பவில்லை.