வெண்கலத்துக்கு ஒரு கையெழுத்து

1

பிரெஞ்சு பேசும் இந்தப் பனி நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், செலீன் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. தலைப்பக்கம் எங்கள் பூப்பந்துக் கழகத் தலைவர் பற்றிக்.* அவருக்கு வலப்புறம் அவர் மனைவியும் கழக உபதலைவருமான செலீன் அக்கா. எதிரே, ஆஸ்பத்திரி வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்த, எங்கள் கழகத்தில் விளையாடும் நேபாளப் பெண் பினிதா ராஜ்வன்சி. மூலையில் மடிக்கணினியோடு செயலாளராகிய நான்.

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பூப்பந்துப் பயிற்றுநர் வேலைக்குப் பினிதா விண்ணப்பித்திருந்தாள். கழகத்தின் நற்சான்றுக் கடிதம் ஒட்டிய உறையில் வரவேண்டுமாம். எழுத உட்கார்ந்தோம்; முதல் பத்தியைத் தாண்டவே பெரும்பாடாயிற்று. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

* பற்றிக் மட்டையைத் தொட்டதில்லை. தலைவர் பதவிக்கு அது தேவைப்படவுமில்லை.

2

முதல் தொடக்கம்: "இமயத்தின் பனிச்சிகரங்களுக்கிடையே பிறந்த

(விட்டுவிட்டேன். பினிதா எட்டிப் பார்த்து, "என் ஊர் விராட்நகர். தட்டை நிலம், கொளுத்தும் வெயில். பனியை முதன்முதலில் பார்த்தது இங்கே, பஸ்ஸுக்கு நிற்கும்போது" என்றாள். அவள் பேசியது ஆங்கிலம், தமிழ் என்னுடையது. எரிச்சலை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம், பற்றிக் சொல்லச் சொல்ல: "தெற்காசியத் தங்க மங்கை

"வெண்கலம்," என்றாள் பினிதா. "தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில் தோற்றேன்."

"தோத்தவைக்கு என்னெண்டு பதக்கம்?"

"பூப்பந்தில் அரையிறுதியில் தோற்கிற இருவருக்கும் வெண்கலம்."

"ரெண்டு பேருக்கும் ஒண்டோ! இதைச் சபையில சொல்லேலுமே?"

3

வாசகரே, சிக்கல் இதுதான். பங்குப் பாதரும் வந்திருந்த ஆண்டுவிழாவில் பினிதாவைப் பாராட்டியபோது, வெண்கலம் மேடைக்கு வடிவில்லை என்று பற்றிக் தங்கம் என்றே வாசித்துவிட்டார். எங்கள் மேடைகளில் உதவி முகாமையாளர் முகாமையாளர் ஆவார், பாடகர் இசைக்கடல் ஆவார். யாரும் கோபிப்பதில்லை.

"பாதருக்கு முன்னால தங்கமெண்டு வாசிச்சனான். இப்ப வெண்கலத்துக்குக் கையெழுத்து வைச்சா என்ர முகம் என்னாகும்?"

"உங்கட முகத்தையோ கவருக்குள்ள வைக்கப் போறம்?" என்றார் செலீன் அக்கா.

பினிதா சிரிக்கவில்லை. மின்சாரம் போகுமுன் பயிற்சியை முடிக்கவேண்டிய மண்டபம், வீங்கிய முழங்காலில் இறுக்கிய துணி, தேசிய அணியில் கழிந்த இளமை எல்லாம் அந்த ஒரு வெண்கலத்துக்குள் இருந்தன. ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளும்போது அதை யாரும் கேட்டதில்லை. இப்போதுதான் ஒரு பள்ளிக்கூடம் கேட்கிறது.

"அவர்கள் நேபாளத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். தங்கம் பொய் என்று தெரிந்துவிடும். பிறகு வெண்கலத்தையும் நம்பமாட்டார்கள். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், அண்ணை."

கடைசிச் சொல் மட்டும் தமிழ்.

பற்றிக் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

4

இங்கே ஒரு முடிவு வேண்டும்.

(அ) பற்றிக் மனமிளகிக் கண்கலங்கி... அவரை எனக்குத் தெரியும். வெட்டிவிட்டேன்.

(ஆ) பினிதா கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகிறாள். நல்ல காட்சிதான். அவள் அசையவே இல்லையே!

நடந்தது: செலீன் அக்கா அந்தப் பேனையை எடுத்து, நான் வெண்கலம் என்றே எழுதி அச்சடித்த கடிதத்தில் 'உபதலைவர்' என்று கையெழுத்திட்டார்.

"எடி, அந்தப் பதவி சும்மா பேருக்கெல்லே தந்தது!"

"அந்தப் பேரைத்தான் எழுதியிருக்கிறன்."

பள்ளிக்கூடம் உபதலைவரின் கையெழுத்தை ஏற்குமா? எனக்குத் தெரியாது. பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து கூட்டி எழுதாதீர்கள், இந்தக் கூட்டத்தில் அதற்கு ஏற்கனவே ஆள் இருக்கிறது.

பினிதா கடிதத்தை மறுபடி வாசித்து மடித்தாள். உறையின் பசையை நாக்கால் நனைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். என்னோடு நடந்து வந்து, மெத்ரோ ரயில்நிலைய வாசலில் இருந்த தபாற்பெட்டிக்குள் அதைப் போட்டாள். மூடியை இன்னொரு தடவை இழுத்து, விழுந்துவிட்டதா என்று பார்த்தாள்.